சட்டம் போட்டவரைக் கேட்பவர் யார்?

(செந்தூலில் நடந்த தொழிற்சங்கக் கல்விக் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்கத் தொண்டருமான அன்பர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் வாசகம்.)



‘அதிகாரப் பிரிவினையும் நீதிமன்றச் சீராய்வும்’ என்று தலைவர் அவர்கள் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பை வாசித்தவுடனேயே பின் வரிசைத் தோழர்கள் சிலர் வாசலைத் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். (சிரிப்பு) அவர்கள் மேல் தப்பில்லை. நானும் வக்கீல் அல்லன். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவன். ஆனால் இந்த விஷயம் வக்கீல்களைவிட நமக்குத்தான் விரைவில் விளங்கும் என்பது என் எண்ணம். ஏனென்றால் இந்த மூன்று அதிகாரங்களும் ஒரே மனிதர் கையில் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய நிலைமையில் நாம் இல்லை. நம்முடைய தாத்தாமாரும் பாட்டிமாரும் அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே மடிந்தார்கள்.

பழைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை பெரட்டுக் களத்துக்கு இத்தனை மணிக்குள் வந்து நிற்க வேண்டும், பிந்தினால் பேர் கிடையாது என்று உத்தரவு போடுகிறவர் துரை. அந்த உத்தரவைக் கங்காணியை வைத்தும் கிராணியை வைத்தும் நடத்துகிறவர் துரை. பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் பிந்திவிட்டேன் என்று ஓர் அம்மாள் ஆபீசு வாசலில் வந்து நின்றால், அது நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லுகிறவரும் அதே துரை. உத்தரவே தவறு என்று எவனாவது சொன்னால்? அந்த வழக்கையும் அவரே விசாரிப்பார். விசாரணை ஐந்து நிமிஷம். தீர்ப்பு, மறுநாள் காலைக்குள் லயத்தைக் காலி செய்.

எல்லாத் துரைமாரும் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லவர்களும் இருந்தார்கள். நல்ல துரை வாய்த்தால் நல்ல காலம், கெட்ட துரை வாய்த்தால் கெட்ட காலம். மழை வெயில் போல. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நியாயம் என்பது ஆளுடைய குணத்தைப் பொறுத்து வந்து போகிற பொருளாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லுகிறேன், இது என் சொந்தத் தொழில் சம்பந்தப்பட்டது. பால் நிறுக்கிற இடத்தில் கிராணிதான் மெட்ரோலாக்கைப் பாலில் விட்டுப் பார்க்கிறான். கிராணிதான் எண்ணைப் படிக்கிறான். கிராணிதான் புத்தகத்தில் எழுதுகிறான். மரம் வெட்டியவருக்கு அந்தக் கோடுகள் என்ன சொல்லுகின்றன என்று தெரியாது. கிராணி எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும், அளப்பவனும் எழுதுபவனும் சரிபார்ப்பவனும் ஒருவனே என்றால் அங்கே சந்தேகம் இருந்துகொண்டேதான் இருக்கும். சங்கப் பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும் என்று நாம் கேட்பது கிராணியை அவமதிப்பதற்காக அல்ல. நான் கிராணி, நானே அதைக் கேட்கிறேன். (கைதட்டல்)

இப்போது தோட்டத்தை விட்டு நாட்டுக்கு வருவோம். சட்டம் செய்வது நாடாளுமன்றம். சட்டத்தை நடத்துவது மந்திரிசபையும் அதன் கீழுள்ள இலாகாக்களும் போலீசும். சட்டப்படி நடந்ததா என்று தீர்ப்பது நீதிமன்றம். மூன்றும் வேறு வேறு கையில் இருக்க வேண்டும். இதற்குத்தான் அதிகாரப் பிரிவினை என்று பெயர். மந்திரியோ இலாகாவோ அதிகாரிகளோ தங்களுக்குச் சட்டம் கொடுத்த எல்லையைத் தாண்டினால், நீதிமன்றம் அந்தக் காரியத்தை ரத்து செய்யலாம். நாடாளுமன்றமே அரசியல் சட்டத்தை மீறிச் சட்டம் செய்தால், அந்தச் சட்டமும் செல்லாது என்று சொல்லலாம். இதற்குத்தான் சீராய்வு என்று பெயர். இவ்வளவுதான் தலைப்பு. மீதி எல்லாம் கதை. ஆனால் அந்தக் கதைகளில் மனிதர்கள் வருகிறார்கள், அதனால் அவற்றைச் சொல்லியாக வேண்டும்.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசர நிலை வந்தது. அவசர கால விதிகளை இயற்றும் அதிகாரம் பிரிட்டிஷ் ஹை கமிஷனரிடம் கொடுக்கப்பட்டது. நிர்வாகம் நடத்துகிறவரே சட்டமும் இயற்றினார். துப்பாக்கி வைத்திருந்தால் மரணம் என்பது அந்த விதிகளில் ஒன்று. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி அவர்கள் 1949 மார்ச்சில் பிடிபட்டார். ரிவால்வர் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. மே மாதம் 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடித்ததிலிருந்து தூக்கு வரை இரண்டே மாதம். கோர்ட்டு இருந்தது, நீதிபதி இருந்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நீதிபதி கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: துப்பாக்கி இருந்ததா, இல்லையா? இந்த விதி நியாயமானதா, இதை இயற்ற ஒரு தனி மனிதருக்கு அதிகாரம் உண்டா, தண்டனையைக் குறைக்கலாமா என்று கேட்க அவருக்கு இடமில்லை.

அதே காலத்தில் ஜொகூரில் இன்னொரு தமிழர், சம்பசிவம் என்பவர். 1948 செப்டம்பரில் பிடிபட்டார். அவர் மேல் இரண்டு குற்றச்சாட்டு: துப்பாக்கி வைத்திருந்தது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது ஒன்று. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை ஆனார். துப்பாக்கிக் குற்றச்சாட்டை மட்டும் மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். மறு விசாரணையில் மரண தண்டனை. மேல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. வழக்கு லண்டனுக்குப் போயிற்று. 1950-இல் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. என்ன காரணம்? ஒரு குற்றச்சாட்டில் ஒருவன் விடுதலை ஆகிவிட்டால், அந்த விடுதலை சர்க்காரையும் கட்டுப்படுத்தும். அதை இல்லாதது போல வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வாக்குமூலத்தை மறு விசாரணையில் பயன்படுத்தியது தவறு என்றார்கள். சம்பசிவம் பிழைத்தார்.

ஒருவரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவர் பிழைத்தார். இரண்டு பேரும் ஒரே விதிகளின் கீழ் வந்தவர்கள்தாம். வழக்குகள் வேறு வேறு, நுணுக்கங்கள் வேறு வேறு, ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் தீர்ப்பு என்று ஒன்று ஆகிவிட்டால் ஆளுகிறவனும் அதற்குக் கட்டுப்பட்டவன் என்ற ஒரு சொல், ஒரு மனிதனைத் தூக்குமேடையிலிருந்து இறக்கியதே, அதை நாம் சாதாரணமாக எண்ணக்கூடாது.

1957-இல் மெர்டேக்கா வந்தது. ரீட் பிரபு தலைமையில் ஐந்து பேர் கொண்ட கமிஷன் அரசியல் சட்டத்துக்கு நகல் எழுதிக் கொடுத்தது. அதில் 4-ஆம் விதியை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. இந்த அரசியல் சட்டமே நாட்டின் தலைமைச் சட்டம். மெர்டேக்காவுக்குப் பின் இயற்றப்படும் எந்தச் சட்டமாவது இதற்கு மாறாக இருந்தால், மாறாக இருக்கும் அளவுக்கு அது செல்லாது என்கிறது. இங்கிலாந்தில் இப்படி இல்லை. அங்கே பார்லிமெண்டு வைத்ததே சட்டம். இங்கே பார்லிமெண்டுக்கு மேலே ஒரு புத்தகம் இருக்கிறது.

புத்தகம் இருந்தால் போதுமா? போதாது. அதற்கு இலங்கையைப் பாருங்கள். நம்மைப் போலவே கப்பலேறிப் போய், நம்மைப் போலவே லயத்தில் வாழ்ந்து, ரப்பருக்குப் பதிலாகத் தேயிலையில் உழைத்தவர்கள் மலைநாட்டுத் தமிழர்கள். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு ஏழு பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1948-இல் வந்த பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிற்று. 1949-இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவர்க்கு ஓட்டு இல்லை என்றார்கள். அந்த நாட்டு அரசியல் சட்டத்திலும் 29-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. எந்த ஒரு சமூகத்தாருக்கும் மற்றவர்க்கு இல்லாத பாதகத்தைச் சட்டத்தினால் சுமத்தக் கூடாது என்று அது சொல்லிற்று. நல்ல வாசகம். கோடாகன் பிள்ளை என்பவர் அந்தப் பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்காடினார். கீழே ஓர் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். கொழும்பு சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. 1953-இல் பிரிவி கவுன்சில், யார் யார் தன் பிரஜைகள் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம், சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் எழுதப்படவில்லை என்று சொல்லிக் கைவிட்டுவிட்டது. பெயர் எழுதவில்லைதான். ஆனால் யார் தலையில் விழும் என்று பார்த்து எறிந்த கல்லில் பெயர் எழுதியிருக்க வேண்டுமா?

சம்பசிவத்தைக் காப்பாற்றிய அதே பிரிவி கவுன்சில்தான் மூன்றாண்டு கழித்து மலைநாட்டு மக்களைக் கைவிட்டது. நீதிமன்றம் என்றாலே நம் பக்கம் என்று எண்ணிக்கொண்டு இங்கிருந்து யாரும் போக வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். சுரிந்தர் சிங் கண்டா என்ற போலீஸ் இன்ஸ்பெக்டரை 1958-இல் போலீஸ் கமிஷனர் வேலையிலிருந்து நீக்கினார். விசாரணை நடந்தது என்னவோ உண்மை. ஆனால் அந்த விசாரணைக்கு முன்பே இன்னொரு குழு விசாரித்து ஓர் அறிக்கை எழுதியிருந்தது. அந்த அறிக்கை விசாரணை அதிகாரியின் கையில் இருந்தது, கண்டாவின் கையில் இல்லை. தனக்கு எதிராக என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் அவர் பதில் சொன்னார். 1962-இல் பிரிவி கவுன்சில் அந்த நீக்கம் செல்லாது என்றது. காரணம் இரண்டு. மெர்டேக்காவுக்குப் பிறகு அந்த நீக்கும் அதிகாரம் கமிஷனருக்கு இல்லை, போலீஸ் சேவை ஆணையத்துக்குத்தான் உண்டு என்பது ஒன்று. தனக்கு எதிரான ஆதாரத்தை அறிந்து பதில் சொல்லும் வாய்ப்பு அவருக்கு நியாயமாகக் கிடைக்கவில்லை என்பது இன்னொன்று. தீர்ப்பை எழுதியவர் டென்னிங் பிரபு.

கண்டா ஓர் அதிகாரி, அவர் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தோட்டத்தில் உள்விசாரணை நடக்கும்போது நம் தோழன் எந்த நிலைமையில் உட்கார்ந்திருக்கிறான்? எதிரே மேசை மேல் ஒரு கோப்பு. அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குக் காட்டுவதில்லை. “நீ செய்தது உண்டா இல்லையா, சொல்” என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட்டு காணாமற்போனதாக ஒரு தோழரை இப்படித்தான் விசாரித்தார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எந்தத் தேதி என்று சொல்லுங்கள். கடைசிவரை தேதியைச் சொல்லவில்லை. கண்டாவின் வழக்கும் இந்தத் தோழரின் வழக்கும் சட்டப்படி வேறு வழியில் போகும். அது அரசாங்க வேலை, இது தனியார் வேலை. ஆனால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

இனி நம் சங்கங்களுக்கு நேரடியாக உள்ள விஷயம். இதில் நம் ஆட்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு, ஆகையால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

1967-இல் வந்த தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் தொழில் நீதிமன்றம் இயங்குகிறது. வக்கீல் நுணுக்கங்களையும் படிவங்களையும் பார்க்காமல், நியாயத்தையும் மனச்சாட்சியையும் வழக்கின் சாரத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல் என்று அந்தச் சட்டமே அதற்குக் கட்டளையிட்டிருக்கிறது. அதோடு இன்னொரு கதவையும் அடைத்தது. தொழில் நீதிமன்றத்தின் தீர்ப்பே முடிவானது, வேறு எந்தக் கோர்ட்டிலும் அதை எதிர்க்கவோ ரத்து செய்யவோ கூடாது என்றது. கேட்டவுடன், இது அநியாயம், கோர்ட்டுக் கதவை அடைக்கலாமா என்று தோன்றும். பொறுங்கள்.

சௌத் ஈஸ்ட் ஏசியா ஃபயர் பிரிக்ஸ் என்ற கம்பெனியில் 1974-இல் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பிறகு வேலைக்குத் திரும்பி வந்தபோது, நீங்களாகவே வேலையை விட்டவர்கள் என்று சொல்லிக் கம்பெனி மறுத்துவிட்டது. சங்கம் தொழில் நீதிமன்றத்துக்குப் போனது. திரும்பச் சேர்த்துக்கொள் என்று தீர்ப்பு வந்தது. கம்பெனி சும்மா இருக்குமா? ஹைக்கோர்ட்டில் சீராய்வு கேட்டு, தொழில் நீதிமன்றம் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்று வாதாடித் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தது. கூட்டரசு நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் திருப்பிற்று. கம்பெனி லண்டனுக்குப் போனது. 1980-இல் பிரிவி கவுன்சில், சட்டப் பிழை ஒன்று இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்தக் கதவைத் திறக்க முடியாது, தொழில் நீதிமன்றத் தீர்ப்பே நிற்கும் என்றது. சங்கம் வென்றது.

பார்த்தீர்களா? அங்கே கோர்ட்டுக் கதவு அடைத்திருந்ததுதான் நம் ஆட்களுக்குப் பாதுகாப்பு. திறந்திருந்தால் முதலாளிதான் முதலில் நுழைவான்; அவனிடம் வக்கீலுக்குப் பணம் இருக்கிறது. தொழிலாளி 1974-இல் வேலையை இழந்தான், கடைசித் தீர்ப்பு வந்தது 1980-இல். ஆறு வருஷம் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று எந்தச் சட்டப் புத்தகமும் எழுதவில்லை. இதனால்தான் நம் மூத்த தோழர்கள் சிலர், சீராய்வு என்பது முதலாளியின் ஆயுதம், தொழில் நீதிமன்றத் தீர்ப்பு முடிந்த முடிவாகவே இருக்கட்டும் என்று இன்றும் சொல்லுகிறார்கள். அந்தக் கருத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் நான் அந்தப் பக்கம் இல்லை. காரணம் சொல்லுகிறேன்.

1990-களில் நம் நாட்டு நீதிமன்றங்கள் பிரிவி கவுன்சிலின் அந்தப் பாதையை விட்டு விலகின. சட்டப் பிழை எதுவானாலும் மேல் கோர்ட்டு பார்க்கலாம் என்று 1995-இல் தீர்ப்புகள் வந்தன. அடுத்து வந்ததுதான் ராமச்சந்திரன் வழக்கு. ஆள் மிகுதி என்று காரணம் காட்டி ஓர் ஊழியரை நிறுத்தினார்கள். தொழில் நீதிமன்றம் முதலாளி செய்தது சரி என்றது. பழைய வழக்கப்படி கதவு அடைத்தே இருந்திருந்தால் அவர் கதை அத்துடன் முடிந்தது. கூட்டரசு நீதிமன்றம் என்ன செய்தது? விசாரணை முறைப்படி நடந்ததா என்பதோடு நிற்காமல், தீர்ப்பின் சாரத்தையும் பார்க்கலாம் என்றது. ஆள் மிகுதி என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கண்டது. வழக்கைத் திருப்பி அனுப்பி அந்த மனிதரை மறுபடி அலைய விடாமல், தானே நஷ்டஈட்டையும் தீர்மானித்தது. 1997-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான அந்தத் தீர்ப்பைத் தொழில் வழக்காடும் எவரும் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். 1996-இல் டான் டெக் செங் என்பவரின் வழக்கில் அப்பீல் நீதிமன்றம் இன்னொன்றும் சொல்லியிருந்தது: அரசியல் சட்டத்தின் 5-ஆம் விதி காக்கும் ‘உயிர்’ என்ற சொல்லில் பிழைப்பும் அடங்கும். உயிரை எடுப்பது மட்டுமல்ல, வேலையை எடுப்பதும் உயிரைத் தொடுவதுதான் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நமக்கு அது புதிய செய்தி அல்ல, ஆனால் நீதிமன்றம் சொன்னது புதிது.

அடைத்த கதவு நல்ல தீர்ப்பையும் காக்கும், கெட்ட தீர்ப்பையும் காக்கும். மேலும் ஒன்று: தொழில் நீதிமன்றம் ஹைக்கோர்ட்டைப் போல நீதித் துறையின் கீழ் உள்ளது அல்ல, மனிதவள அமைச்சின் கீழ் இயங்குவது. அப்படியானால் அதற்கு மேலே, அமைச்சுக்குக் கட்டுப்படாத ஒரு கண் இருக்கத்தான் வேண்டும். தாமதம் என்ற நோய்க்கு மருந்து வேறு தேட வேண்டும். கண்ணைக் குத்திக்கொள்வது மருந்தல்ல.

இனி 1988. இந்த ஆண்டைத் தெரியாமல் இந்த நாட்டில் யாரும் நீதிமன்றத்தைப் பற்றிப் பேச முடியாது.

அதற்கு முன் ஆண்டு, டத்தோ யாப் பெங் என்பவரின் வழக்கில், ஒரு வழக்கைக் கீழ்க் கோர்ட்டிலிருந்து ஹைக்கோர்ட்டுக்கு மாற்ற அரசாங்க வழக்கறிஞருக்கு அதிகாரம் கொடுத்திருந்த ஒரு பிரிவை, அது நீதி அதிகாரத்தில் கை வைப்பது என்று சொல்லி நீதிமன்றம் செல்லாது என்றது. சர்க்கார் என்ன செய்தது? அரசியல் சட்டத்தையே திருத்தியது. ‘கூட்டரசின் நீதி அதிகாரம் ஹைக்கோர்ட்டுகளிடம் இருக்கும்’ என்ற கருத்துடைய 121-ஆம் விதியின் வாசகத்தை எடுத்துவிட்டு, நாடாளுமன்றச் சட்டம் கொடுக்கும் அதிகாரமே அவற்றுக்கு உண்டு என்று வைத்தார்கள். திருத்துவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது அன்றைய ஆளுங்கட்சிக் கூட்டணியிடம் தாராளமாக இருந்தது. நான் மெட்ரோலாக் கதை சொன்னேனே, அதில் கிராணி வந்து, “இனி எண்ணை நான் சொன்னபடி படிக்க வேண்டும்” என்று சட்டம் போட்டது போல.

அதே ஆண்டு மே மாதம், நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த துன் சாலே அபாஸ் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். அவரை விசாரிக்க ஒரு நடுவர் மன்றம் அமைத்தார்கள். அதற்குத் தலைமை வகித்தவர், அவருக்கு அடுத்த இடத்தில் இருந்து தற்காலிகமாக அவர் நாற்காலியில் அமர்ந்தவர். இவர் போனால் அந்த நாற்காலி அவருக்கு, அப்படியே ஆயிற்று. கண்டா வழக்கைக் கேட்ட உங்களுக்கு இதில் என்ன கோளாறு என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த மன்றத்தின் அறிக்கை மேலே போகாதபடி தடை உத்தரவு கொடுத்த சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஐவரையும் நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் துன் சாலே நீக்கப்பட்டார். ஐவரில் வான் சுலைமான், ஜார்ஜ் சியா ஆகிய இருவரும் பின்னர் நீக்கப்பட்டார்கள். இருபது ஆண்டு கழித்து, 2008-இல், அரசாங்கம் இந்த நீதிபதிகளுக்குப் பணம் கொடுத்தது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

நீதிபதியையே வேலை நீக்கம் செய்யலாம் என்றால், ரப்பர் வெட்டுகிறவன் எந்த மூலைக்கு? 1988-இல் நம் தோட்டங்களில் எத்தனை பேர் இதைப் பற்றிப் பேசினார்கள்? மேல்சாதிச் சண்டை, வக்கீல் சண்டை என்று நினைத்திருப்பார்கள். அன்று அது நம் சண்டை என்று தெரியாமற்போனதுதான் எனக்கு வருத்தம்.

இருந்தாலும் கதை அங்கே முடியவில்லை. 2017 ஏப்ரல் மாதம் கூட்டரசு நீதிமன்றம் செமினி ஜெயா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலைக்காகச் சர்க்கார் எடுத்துக்கொண்ட நிலத்தின் நஷ்டஈடு பற்றிய வழக்கு. நிலம் எடுக்கும் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது: நீதிபதியோடு உட்காரும் மதிப்பீட்டாளர் இருவர் என்ன தொகை சொல்லுகிறார்களோ, அதையே நீதிபதி தீர்ப்பாகச் சொல்ல வேண்டும். அப்படியானால் நீதிபதி எதற்கு, ரப்பர் முத்திரை போதுமே! அந்தப் பிரிவு செல்லாது என்றது நீதிமன்றம். அதோடு, 1988 திருத்தம் நீதி அதிகாரத்தை நீதிமன்றங்களிடமிருந்து பறித்துவிடவில்லை, பறிக்கவும் முடியாது, அது அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டுமானம் என்றது. தீர்ப்பை எழுதியவர் ஜைனுன் அலி என்ற பெண் நீதிபதி. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பாகவும் சாலையாகவும் மாறுவதைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கண்ணெதிரே பார்த்தவர்கள் நாம். நிலம் எடுக்கும் சட்டம் என்றால் நமக்கு விளக்கம் வேண்டாம். வழக்காடியது ஒரு கம்பெனிதான். ஆனாலும் அதனால் திறந்த வழியில் ஒன்பது மாதம் கழித்து ஓர் ஏழைத் தாய் நடந்து வந்தார்.

அவர்தான் ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி. 2009-இல் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றிப் பதிவு செய்தார். கடைசிக் குழந்தைக்கு அப்போது பதினோரு மாதம். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகளின் மத மாற்றச் சான்றிதழைச் சிவில் கோர்ட்டு தொடக்கூடாது என்பது எதிர்த் தரப்பு வாதம். 2013-இல் ஈப்போ ஹைக்கோர்ட்டு தாயின் பக்கம்; 2015-இல் அப்பீல் கோர்ட்டு எதிர்ப் பக்கம்; 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாயின் பக்கம். பதிவாளர் தமக்குச் சட்டம் கொடுத்த எல்லையை மீறிச் சான்றிதழ் கொடுத்தார்; அதைப் பார்க்கும் அதிகாரம் சிவில் நீதிமன்றத்துக்கு உண்டு; சான்றிதழ்கள் ரத்து. இதைவிடத் தெளிவான சீராய்வு வழக்கு வேண்டுமா?

ஆனால் தோழர்களே, தீர்ப்பு வந்த அன்று அந்தக் கடைசி மகள் தாயிடம் இல்லை. பிறகும் ஆண்டுக்கணக்காக அந்தத் தாய் மகளைத் தேடிக் கொண்டிருந்தார். நீதிமன்றத்திடம் பேனா இருக்கிறது, போலீஸ் இல்லை. எழுதிய தீர்ப்பை நடத்த வேண்டியவர்கள் நிர்வாகத்தார். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், ஐந்து நீதிபதிகள் எழுதிய தீர்ப்பும் சட்டகம் போட்டு மாட்டிய படம்தான். மூன்று அதிகாரங்களையும் பிரித்து வைப்பதில் உள்ள சிக்கலும் இதுவே. பிரிந்து நிற்பவை ஒன்றின் சொல்லை ஒன்று கேட்கவும் வேண்டும்.

நீதிபதிகளும் எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரியில் மரியா சின் அப்துல்லா வழக்கு. அவர் வெளிநாடு போவதைத் தடுத்த உத்தரவு செல்லாது என்பதில் ஏழு நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். ஆனால் குடிநுழைவுச் சட்டத்தில் கோர்ட்டுக் கதவை அடைக்கும் பிரிவு செல்லுமா என்ற கேள்வியில் ஐந்து பேர் செல்லும் என்றார்கள், இரண்டு பேர் செல்லாது என்றார்கள். செமினி ஜெயாவில் திறந்தது பாதி மூடியது போல. இந்த இழுபறி இன்னும் நடக்கும்.

கடைசியாக, நம் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கிற ஒரு விஷயம். வேலை நீக்கம் செய்யப்பட்டவர் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுத்து, சமரசம் ஆகாவிட்டால், முன்பெல்லாம் கோப்பு மந்திரியிடம் போகும். அவர் சரியென்று கருதினால்தான் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அனுப்பாவிட்டால் அதை எதிர்த்து ஹைக்கோர்ட்டில் தனியாகச் சீராய்வு கேட்க வேண்டும். வழக்கு தொடங்கும் முன்பே ஒரு வழக்கு! எத்தனை தோட்டத் தொழிலாளிக்கு அது முடியும்? 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021 தொடக்கத்திலிருந்து மந்திரியின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. இலாகாத் தலைமை இயக்குநரே நேராக அனுப்ப வேண்டும். அரசியல்வாதி ஒருவர் கையிலிருந்த சல்லடையை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம், நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு கணக்கு மாறவில்லை. நீக்கப்பட்ட நாளிலிருந்து அறுபது நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். துரை மறுபடி கூப்பிடுவார், பெரிய கிராணி பேசிப் பார்க்கிறேன் என்றார், தீபாவளி கழியட்டும் என்று அறுபத்தோராம் நாள் சங்க ஆபீசுக்கு வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். அவர்களுக்காக எந்தக் கூட்டரசு நீதிமன்றமும் ஒன்றும் செய்ய முடியாது. நீக்கக் கடிதம் வந்தால் உறையோடு வையுங்கள். சம்பளச் சீட்டு, உள்விசாரணை அழைப்பு, நீங்கள் கொடுத்த விளக்கத்தின் நகல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். வாய் வார்த்தையாக நிறுத்தினால், எந்தத் தேதி, யார் சொன்னது, பக்கத்தில் யார் இருந்தார் என்று அன்று இரவே பிள்ளையை விட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரசாங்க இலாகாவின் முடிவை எதிர்த்துச் சீராய்வு கேட்பதானால் அதற்குக் கெடு மூன்று மாதம். அதற்கு வக்கீல் வேண்டும், நேரே சங்கத்துக்கு வாருங்கள். இந்த இரண்டு கெடுவையும் தமிழில் அச்சிட்ட துண்டுத்தாள் வாசலில் மேசை மேல் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று இன்று வராத பக்கத்து வீட்டாருக்கு.